நாய்க்குட்டி தேடுறதுக்கு முன்னாடி வீட்டுல யார் இருக்கப்போறாகன்னு முடிவு பண்ணுங்க

போன வாரம் எங்க பங்காளிக வாட்ஸப் குரூப்ல ஒரு தம்பி கேட்டிருந்தாரு, காரைக்குடி பக்கம் ஹஸ்கி குட்டி எங்க கிடைக்கும், அப்பச்சி அறுபதாம் சாந்திக்கு ஊருக்கு வர்றப்ப வாங்கி வீட்டுல விட்டுட்டுப் போகலாம்னு இருக்கேன், பூட்டிக் கிடக்கற வீட்டுக்குக் காவலாவும் இருக்கும்னு. கீழ பத்துப் பேரு ஹார்ட்டு போட்டிருந்தாக. எனக்கு அதைப் பார்த்ததுல இருந்து மனசே சரியில்ல. குரூப்ல எழுதுனா ரொம்ப நீளமாயிரும், அதான் இங்க எழுதறேன், கொஞ்சம் கோவமா இருந்தா பொறுத்துக்கங்க.

பள்ளத்தூர்ல எங்க சொந்தக்காரக வீடு ஒண்ணு இருக்கு. இந்தத் தெருவுல முகப்பு, அடுத்த தெருவுல பின்வாசல், நடுவுல மூணு கட்டு. 2016ல அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு லாப்ரடார் குட்டி வாங்கினாக, டைகர்னு பேரு. கல்யாணம் நடந்த நாளெல்லாம் அது தரையில நின்னதை நான் பாக்கல, ஒரு மடியில இருந்து இன்னொரு மடிக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வாரத்துல சென்னைக்காரக சென்னைக்கு, சிங்கப்பூர்காரக சிங்கப்பூருக்குன்னு எல்லாரும் கிளம்பிட்டாக. குட்டி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட நின்னுபோச்சு. அவர் ரெண்டு வேளை சோறு போடுவாரு, தண்ணி வைப்பாரு, அவர் மேல நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன், அவருக்குச் சொன்ன வேலை அதுதான். நான் மாசம் ஒரு தடவை வீட்டை ஒரு பார்வை பாத்துட்டு வரப் போவேன். டைகர் திண்ணையில படுக்காது, பெரிய கதவுக்கும் நிலைக்கும் நடுவுல ஒரு விரல் இடுக்கு இருக்கும்ல, அதுல மூக்கை வச்சுக்கிட்டு கல்லுல படுத்திருக்கும். மூக்கு பட்டுப் பட்டு அந்தத் தேக்குல ஒரு இடம் மட்டும் எண்ணெய் தேச்ச மாதிரி கறுத்திருந்துச்சு. கார் வந்து நின்னா எந்திரிச்சு ஓடியாரும், நாலு கதவையும் ஒண்ணொண்ணா மோந்து பாக்கும், கடைசிக் கதவையும் மோந்துட்டு எங்கிட்ட ஒரு வாலாட்டு ஆட்டிட்டுத் திரும்பிப் போய் அதே இடுக்குல மூக்கை வச்சுக்கும். அஞ்சாவது வருசம் உண்ணிக் காய்ச்சல்ல செத்துப்போச்சு. காது மடல் உள்ளுக்குள்ள கொத்துக் கொத்தா உண்ணி. ரெண்டு நாளா சோறு திங்கலைங்கன்னு போன் வந்தப்ப, தூக்கிட்டு ஓடினோம், ரத்தம் ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னாரு டாக்டரு. தினமும் ஒருத்தர் அது காதைத் தடவிக் குடுத்திருந்தா முதல் உண்ணியிலயே தெரிஞ்சிருக்கும்.

நம்ம ஊரு வீடு எப்படின்னு நமக்கே தெரியும். முன்னோருக்குப் படைக்கற படைப்பு, கல்யாணம், திருவிழான்னா திறக்கும், மத்த நாள் பூட்டு. ஒரு நாய் நல்லபடியா இருந்தா பத்துப் பதினாலு வருசம் இருக்கும். பூட்டின வீட்டைக் காக்கணும்னா கேமரா மாட்டுங்க, நல்ல பூட்டாப் போடுங்க, ஆளுக்குச் சம்பளம் கூடக் குடுங்க. தனியா ஒரு உசிரைக் கட்டிவைக்காதீக. வருசம் முழுக்க அந்த வீட்டுல ராத்திரி படுக்கற ஒரு ஆள் பேரை உங்களால சொல்ல முடியலைன்னா நாய் வேண்டாம், அவ்வளவுதான் என் கருத்து, இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

அப்புறம் ஹஸ்கி. அது சைபீரியாப் பனியில வண்டி இழுக்கற சாதி, மயிர் ரெண்டு அடுக்கு. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, உள்ளங்கால்ல கொஞ்சம் வேர்க்கும், மத்த சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டு இரைச்சு இரைச்சுத்தான் வெளிய தள்ளணும். சித்திரை மத்தியானம் நம்ம முத்தத்துக் கல்லுல நாமளே கால் வைக்க முடியாது. ஏசி போடுவோம்கறாக சில பேரு, கரண்டு போச்சுன்னா? பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு இன்னும் கஷ்டம், மூச்சே சரியா போகாது. நம்ம பக்கத்துச் சாதின்னா ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு இருக்கு, ராஜபாளையத்துக்கு 2005ல தபால் தலையே போட்டாக. ஆனா அதுலயும் யோசிக்கணும், சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்ட வளத்த நாயி, ஓட இடம் வேணும். வெள்ளை ராஜபாளையத்துல காது கேக்காத குட்டி பிறக்கறது உண்டு, கைதட்டிப் பாத்துத்தான் எடுக்கணும். எனக்கு இந்தச் சாதியெல்லாம் எதுவும் வேண்டாம்னு தோணிருச்சு.

நாங்க எடுக்கப்போறது கோட்டையூர் ரோட்டுல ஒரு டீக்கடை அக்கா வீட்டு வாசல்ல பிறந்த குட்டி. அஞ்சு குட்டி, ஒண்ணு கறுப்பு, புருவத்துல மட்டும் ரெண்டு செம்புள்ளி, அதுதான் எங்களுக்கு. இப்ப ஆறு வாரம் ஆகுது. அக்கா, எப்பண்ணே வந்து தூக்கிட்டுப் போறியன்னு தினம் கேக்குறாக. எட்டு வாரம் ஆகட்டும்க்கான்னு சொல்லிட்டேன். எவ்வளவு பலமாக் கடிச்சா அடுத்தவனுக்கு வலிக்கும்னு அது தாய்கிட்டயும் கூடப்பிறந்ததுககிட்டயும்தான் கத்துக்குது, சீக்கிரம் பிரிச்சுட்டா அந்தப் பாடம் போச்சு. விக்கறவுகளுக்கும் சட்டம் அதேதான் சொல்லுது, எட்டு வாரத்துக்குள்ள குட்டியை விக்கக்கூடாதுன்னு.

இந்த ரெண்டு வாரமும் குட்டிக்குச் சாமான் வாங்குறதை விட வீட்டு ஆளுககிட்ட பேசினதுதான் அதிகம். ஆத்தாவுக்கு 71 வயசு, முழங்கால் ஆபரேசன் பண்ணுனவுக. முதல்ல, நாயெல்லாம் வளவுக்குள்ள, அதாவது முத்தத்தைச் சுத்தின உள்பக்கம், வரக்கூடாதுப்பான்னாக. நான் பைரவர் வாகனம் அது இதுன்னு பேசிப் பாத்தேன். தேய்பிறை அஷ்டமிக்கு அஷ்டமி வைரவன்பட்டி போறவுகளாச்சே, ஒத்துக்குவாகன்னு நினைச்சேன். ஒண்ணும் நடக்கல. மூணாவது நாள் ராத்திரி அவுகளாவே சொன்னாக, "ஏப்பா, நீங்கள்லாம் வேலைக்குப் போயிருவிய, அது காலுக்குள்ள வந்து நான் இடறி விழுந்தா யாரு தூக்குறது?" அதுதான் விசயம். ஆசாரம் கீசாரமெல்லாம் இல்ல, பயம். இதை நான் முதல் நாளே கேட்டிருக்கணும். இப்ப ஆத்தா நடமாடுற பக்கம் இரண்டாங்கட்டு வாசல்ல இடுப்பு உயரத்துக்கு ஒரு மரத்தட்டி போட்டாச்சு, கழுத்துப் பட்டையில சின்ன மணி கட்டப்போறோம், வர்ற சத்தம் கேக்கும்ல. சாமி வீட்டுப் பக்கம் விடுறதில்லைன்னு பேசியாச்சு. நேத்து பாத்தா அவுகளே பழைய சுங்குடிச் சேலையைக் கிழிச்சு நாலா மடிச்சுத் தச்சுக்கிட்டு இருக்காக, குட்டிக்குப் படுக்கைக்காம்.

வீட்டையும் ஒரு நாள் குட்டி உயரத்துக்குக் குனிஞ்சு சுத்தி வந்து பாத்தேன். ஆத்தங்குடிக் கல்லு நமக்கு அழகு, குட்டிக்கு வழுக்குமரம், நாலு காலும் நாலு பக்கம் போயிரும், வளர்ற வயசுல இடுப்புக்கு நல்லதில்ல. அது நடக்கற பாதையில சாக்கும் கயித்து மிதியடியும் போட்டாச்சு. கிணத்துக்குக் கம்பி வலை. பெட்டகத்துல பட்டுச்சேலைக்கு நடுவுல போடுற அந்துருண்டை இருக்குல்ல, அது உருண்டு கீழ விழுந்து குட்டி முழுங்கிட்டா ரத்தத்தையே கெடுத்துரும், எல்லாத்தையும் பொறுக்கி எடுத்தோம், 23 இருந்துச்சு. எலி கேக்கு ஒரு மூலையில யாரு எப்ப வச்சதுன்னே தெரியாம கிடந்துச்சு, அதைப் பாத்ததும் எனக்குக் கை நடுங்கிருச்சு. பூஜைக்கு வச்சிருந்த செவ்வரளியைச் சுத்தியும் வேலி, இலை பூ எல்லாமே விசம் அது.

சாப்பாட்டுல நம்ம வீடுகள்ல பெரிய கஷ்டம் பாசம்தான். மிஞ்சுன கோழிக் குழம்பைச் சோத்துல பிசைஞ்சு போட்டுருவோம். சின்ன வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது, ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வெந்த எலும்பு ஊசி மாதிரி பிளந்து குடலைக் குத்தும். சர்க்கரைப் பொங்கல்ல போடுற உலர்திராட்சை கிட்னியைக் கெடுக்கும், சாக்லேட்டும் விசம். பசும்பால் ஊத்துனா நிறையக் குட்டிகளுக்கு வயித்தால போகும். உப்பு, வெங்காயம் சேக்காம வேகவச்ச கோழியும் சோறும் போதும், இல்லைன்னா குட்டிகளுக்குன்னு விக்கற தீனி.

இதை எழுதக் கை வரல, ஆனாலும் சொல்றேன். 2019ல காசு குடுத்து ஒரு குட்டி வாங்கினோம். ஊசியெல்லாம் போட்டாச்சுன்னு வித்தவரு வாயால சொன்னாரு, நாங்களும் கார்டு கேக்கல. ஒம்பதாவது நாள் வாந்தி, அப்புறம் ரத்த ரத்தமாப் பேதி, பார்வோங்கற வைரஸ் நோய். மூணு நாள் டிரிப்ஸ் ஏத்தியும் என் மகன் மடியிலயே போயிருச்சு, அவனுக்கு அப்ப ஆறு வயசு. அந்தக் கிருமி வீட்டுத் தரையில, மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும், அதனால பார்வோ வந்த வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டி கொண்டுவரக் கூடாது, பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊறவிட்டுக் கழுவணும். இந்தத் தடவை டாக்டரை முன்னாடியே போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள முதல் ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணா நாலு மாசம் வரைக்கும், மூணு மாசத்துல வெறிநாய்க்கடி ஊசி, நடுநடுவுல பூச்சி மருந்து. ஊசி முடியற வரைக்கும் தெருவுல இறக்கி விடப்போறதில்ல.

தேவகோட்டைல எங்க தங்கச்சி வீட்டுக்குப் பூனைக்குட்டி வருது, அதுக்கும் ஒரு வார்த்தை. முதல்ல ஒரே ரூம்ல விடுங்க, ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி வைங்க, அது வெளிக்குப் போற மண்தட்டைச் சாப்பாட்டுக்குப் பக்கத்துல வைக்காதீக. காய்ச்சல்னு நம்ம பாராசிட்டமாலை மட்டும் குடுத்துராதீக, பூனை ஈரலுக்கு அதை முறிக்கற சக்தி இல்ல, ஒரே மாத்திரை உசிரை எடுத்துரும்.

குட்டி வந்த முதல் மூணு நாளு யாரையும் பாக்க வரச் சொல்லல, சொந்தக்காரக கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. ராத்திரி தாயைத் தேடி அழும், நான் வளவுலயே பாய் போட்டுப் பக்கத்துல படுத்துக்கறதா இருக்கேன். டீக்கடை அக்காகிட்ட ஒரு பழந்துணி குடுத்திருக்கேன், தாய் மேல போட்டு வைங்க, அந்த வாசத்தோடயே வாங்கிக்கறேன்னு. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனா பாத்துக்கறேன்னு எதிர்வீட்டு ஆச்சி சொல்லியிருக்காக. காலையில யாரு, ராத்திரி யாருன்னு என் மகன் எழுதி அடுப்படிச் சுவத்துல ஒட்டியிருக்கான். ஞாயித்துக்கிழமைக்கு நேர "அப்பத்தா: காது பாக்கணும், உண்ணி"ன்னு போட்டிருக்கான், நான் சொல்லிக் குடுக்கல.

டீக்கடை அக்கா வீட்டுல மிச்சம் இருக்கற நாலு நாய்க்குட்டியில ரெண்டு பொட்டைக்கு இன்னும் ஆள் வரல. குட்டி போடும்னு பயப்படுறாக, கருத்தடை ஆபரேசன் பண்ணிட்டா அந்தப் பயமே வேண்டாம், அந்தச் செலவு என்னுது. காரைக்குடி, கோட்டையூர், புதுவயல், கண்டனூர் பக்கம் வருசம் முழுக்க வீட்டுல ஆள் இருக்கறவுக இன்பாக்ஸ்ல வாங்க, இன்னும் ரெண்டு வாரத்துல குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகுது.