கொசுறு கிடையாது, தம்பி

ஜெர்மனி, டோர்ட்முண்ட் நகரம். சனிக்கிழமை இரவு ஏழரை மணி. எட்டு மணிக்குக் கடையை அடைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே பூட்டிக் கிடக்கும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தமிழ்க் கடை. கல்லாவில் சிவராசா, யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். மூச்சிரைக்க உள்ளே வருகிறவர் கார்த்திக், பாளையங்கோட்டைக்காரர். ஜெர்மனிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது.

கார்த்திக்: அண்ணாச்சி, அடைத்துவிடாதீர்கள்!

சிவராசா: இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது தம்பி, கதவை உடைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதென்ன அண்ணாச்சி? என் பெயர் சிவராசா.

கார்த்திக்: எங்கள் ஊரில் பலசரக்குக் கடைக் கல்லாவில் யார் உட்கார்ந்தாலும் அண்ணாச்சிதான். பெயரெல்லாம் ரேஷன் கார்டில் இருக்கும்.

சிவராசா: சரி, இருந்துவிட்டுப் போகிறேன். என்ன வேண்டும்?

கார்த்திக்: முதலில் சோம்பு, நூறு கிராம்.

சிவராசா: செம்போ? பாத்திரம் நான் விற்பதில்லை.

கார்த்திக்: செம்பு இல்லை, சோம்பு. குருமாவுக்குப் போடுவது. பார்க்க சீரகத்துக்கு அண்ணன் மாதிரி இருக்கும்.

சிவராசா: பெருஞ்சீரகம்! அண்ணன் என்று உம் வாயாலேயே சொல்கிறீர், பிறகு ஏன் வேறு பெயர் வைத்துக் கூப்பிடுகிறீர்? மூன்றாவது தட்டில் பாரும்.

கார்த்திக்: கடலை?

சிவராசா: அதற்குக் கீழே.

கார்த்திக்: இது கொண்டைக்கடலை. எனக்கு வேண்டியது வேர்க்கடலை. சட்னி அரைக்க.

சிவராசா: கச்சான் என்று கேட்டிருந்தால் எப்போதோ தந்திருப்பேன்.

கார்த்திக்: சரி, இது போகட்டும். வாசலில் ‘தேங்காய்ப்பூ உண்டு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது அண்ணாச்சி. முளைவிட்ட தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சு உருண்டை மாதிரி இருக்குமே! தள்ளுவண்டிக்காரர் கீற்றுப் போட்டுக் கொடுப்பார். எடுங்கள், எடுங்கள்.

(சிவராசா ஃபிரீசரைத் திறந்து, கல்லாக உறைந்த பொட்டலம் ஒன்றை எடுத்து வைக்கிறார்.)

கார்த்திக்: இது துருவிய தேங்காய்.

சிவராசா: ஓம். தேங்காய்ப்பூ.

கார்த்திக்: தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் 30 கிலோமீட்டர் கடல்தானே அண்ணாச்சி!

சிவராசா: அந்தக் கடலுக்குள்தான் பாதிச் சொல் விழுந்து கிடக்கிறது. அடுத்தது?

கார்த்திக்: உளுந்து, ரவை, பச்சரிசி, பெருங்காயம் எல்லாம் எடுத்துவிட்டேன். அப்புறம் கறிவேப்பிலை.

சிவராசா: 2 யூரோ.

கார்த்திக்: மொத்தமாகவா?

சிவராசா: அந்தச் சின்னப் பை மட்டும்.

கார்த்திக்: கறிவேப்பிலைக்கு விலையா! எங்கள் ஊரில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலே ஒரு கொத்தைக் கொசுறாகப் பைக்குள் போடுவார்கள். போடாவிட்டால் நாமே எடுத்துப் போட்டுக்கொள்வோம்.

சிவராசா: இங்கே கொசுறு கிடையாது தம்பி. அது விமானத்தில் வருகிறது. நீர் எதில் வந்தீர்?

கார்த்திக்: விமானத்தில்தான்.

சிவராசா: உம்மைக் கொசுறாக ஏற்றினார்களோ?

கார்த்திக்: அம்மா கொடுத்து அனுப்பியதை மட்டும் விட்டிருந்தால் உங்களிடம் இந்தப் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன். எட்டு முழ வேட்டியின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கொத்து வைத்திருந்தார். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி வேட்டியை விரிக்க விரிக்க இலை உதிர்கிறது. மந்திரவாதியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

சிவராசா: எடுத்துவிட்டார்களோ?

கார்த்திக்: எல்லாவற்றையும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோவும் சேர்ந்து போனது.

சிவராசா: போகத்தான் செய்யும். பால், இறைச்சி இரண்டையும் வெளிநாட்டுப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். மரக்கறி, பழம், இலை என்றால் நோய் இல்லை என்று சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஐந்து பழம்தான் வரலாம். அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சம்பழம், தேங்காய், டூரியன்.

கார்த்திக்: டூரியனா? நாற்றம் தாங்காமல் சிங்கப்பூர் ரயிலில் தடை போட்டிருக்கிறார்களே, அதற்கு அனுமதி, கறிவேப்பிலைக்குக் கிடையாதா?

சிவராசா: அவர்கள் பார்ப்பது பூச்சியைத் தம்பி, மணத்தை அல்ல. தேங்காய் கொண்டுவரலாம் என்று அம்மாவுக்குச் சொல்லும்.

கார்த்திக்: சொன்னால் இருபத்து மூன்று கிலோவுக்கும் தேங்காயாகவே வைத்து அனுப்புவார். நான் என்ன, பிள்ளையாருக்கு விடலை போடவா போகிறேன்? பெருங்காயம் மட்டும் எப்படியோ தப்பித்தது. ஆனால் மானம் போய்விட்டது. அதிகாரி டப்பாவை மோந்து பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். ‘இது என்ன?’ என்று கேட்டார். எனக்கு ஜெர்மன் பெயர் தெரியாது. கைப்பேசியில் தட்டினேன். வந்த சொல்லைப் பெருமையாக நீட்டினேன்.

சிவராசா: ஐயோ! டொய்ஃபல்ஸ்ட்ரெக் என்று காட்டினீரோ?

கார்த்திக்: காட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, அதற்குச் சாத்தானின் கழிவு என்று அர்த்தமாம். சாத்தானுடையதைச் சாம்பாருக்குப் போடுவோம் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஊர் வாசனை என்று பத்திரமாகக் கொண்டுவந்ததற்கு இந்த மரியாதை.

சிவராசா: ஊர் வாசனையோ? எந்த ஊர்?

கார்த்திக்: எங்கள் ஊர்தான். அம்மா ரசம் தாளித்தால் தெருமுனையிலேயே தெரியும்.

சிவராசா: அந்தப் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து மலையில் விளைகிற செடியில் இருந்து எடுப்பது. உங்கள் ஊரில் அதோடு மாவும் பசையும் சேர்த்து டப்பாவில் அடைக்கிறார்கள், அவ்வளவுதான். அதுவும் என்னைப் போல வேறெங்கோ பிறந்து பிழைக்க வந்ததுதான்.

கார்த்திக்: உங்களை அப்படிச் சொல்ல முடியுமா அண்ணாச்சி? நீங்கள் எப்போது வந்தீர்கள்?

சிவராசா: 1985. கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கு பெர்லின். அப்போது தமிழ்ப் பிள்ளைகள் கன பேர் வந்த வழி அது. பிறகு இந்தப் பக்கம் ஒரு முகாமில் போட்டார்கள். காலையில் ரொட்டி, மத்தியானம் உருளைக்கிழங்கு, இரவு, மத்தியானம் மிஞ்சிய உருளைக்கிழங்கு. உறைப்பு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோச்சு.

கார்த்திக்: காரத்தைச் சொல்கிறீர்கள்.

சிவராசா: உறைப்பைச் சொல்கிறேன். ஒரு நாள் ஒருவன் ஓடி வந்தான். ‘அண்ணை, அரிசிமா கண்டுபிடித்துவிட்டேன், புட்டு அவிப்போம்’ என்றான். பையைத் திறந்தால் வெள்ளை வெளேர் என்று, பட்டுப் போல மா. ஏழு பேர் சுற்றி நின்றோம். குழைக்கத் தண்ணீர் தெளித்தோம். மா காணாமல் போகிறது! இன்னும் கொட்டினோம். கை ஒட்டிக்கொண்டது. ஒருவன் விரலை நக்கிப் பார்த்தான்.

கார்த்திக்: என்ன?

சிவராசா: கேக்குக்கு மேலே தூவுகிற சீனித் தூள். அன்றைக்கு இரவு ஏழு பேரும் ஆளுக்கொரு உருளைக்கிழங்கைப் பாகில் தொட்டுத் தின்றோம்.

கார்த்திக்: பாவம்தான். சிரித்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

சிவராசா: சிரியும், சிரியும். பிறகு நாங்களும் கெட்டிக்காரர் ஆகிவிட்டோம். குழந்தைகளுக்குப் பாலில் காய்ச்சிக் கொடுக்க கிரீஸ் என்று ஒன்று விற்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, ரவைதான். எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும்.

கார்த்திக்: ரவையா? (கூடையிலிருந்து ரவைப் பையை எடுத்து மெதுவாகத் தட்டில் வைக்கிறார்.) அப்புறம்?

சிவராசா: மில்ஷ்ரைஸ் என்று குண்டரிசி வரும், பாற்சோற்றுக்கு. பொங்கலுக்கு அது நல்லாய்க் குழையும்.

(பச்சரிசிப் பையும் தட்டுக்குப் போகிறது.)

சிவராசா: மோர் வேண்டுமென்றால் புட்டர்மில்ஷ்... பொறும். என்ன செய்கிறீர்?

கார்த்திக்: ஒன்றுமில்லை, சொல்லுங்கள். காது கேட்கிறது.

சிவராசா: என் கடையிலேயே நின்று என் வாயாலேயே என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே! உளுந்தையாவது கூடையில் விடும். அதற்கு ஜெர்மன்காரனிடம் மாற்று இல்லை.

கார்த்திக்: உளுந்து இல்லாமல் முடியாது, நாளைக்கு இட்லி. கோயம்புத்தூர் கிரைண்டர், பதினோரு கிலோ. சட்டை துணியை எல்லாம் விட்டுவிட்டு அதைத் தூக்கி வந்தேன்.

சிவராசா: நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சத்தம் போடக் கூடாது, தெரியும்தானே?

கார்த்திக்: போன மாதம் தெரிந்துகொண்டேன். ஞாயிறு காலை கிரைண்டரைப் போட்டுப் பத்து நிமிடம் இருக்காது, கீழ்வீட்டுப் பாட்டி மணியடித்துவிட்டார். சுவரில் துளை போடுகிறேன் என்று நினைத்தாராம். நான் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கல் சுற்றுவதைக் காட்டினேன். ‘எதற்கு இரண்டு கல் சண்டை போடுகின்றன?’ என்று கேட்டார்.

சிவராசா: பொலிசைக் கூப்பிடாமல் விட்டாரே.

கார்த்திக்: மறுநாள் சமாதானத்துக்கு நாலு இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி பவேரியாக்காரர். தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ‘டாம்ப்ஃப்நூடல்!’ என்றார். அவர்கள் ஊரில் ஆவியில் வேகவைக்கிற ஒரு மாவுருண்டையாம். உள்ளே போய் வெனிலா சாஸ் கொண்டுவந்து என் கண் முன்னாலேயே இட்லி மேல் ஊற்றினார் அண்ணாச்சி. மஞ்சளாக, கெட்டியாக, இனிப்பாக! நான் கையில் சாம்பாரை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

சிவராசா: சாப்பிட்டாரோ?

கார்த்திக்: நாலையும் சாப்பிட்டுவிட்டு, ‘உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது, அடுத்த முறை சரியாக வரும்’ என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

சிவராசா: நல்ல மனுசி. சரி, நாளைக்கு இட்லி என்றால் உளுந்து எப்போது ஊறுவது?

கார்த்திக்: இப்போது போய் ஊறப் போடுவேன்.

சிவராசா: பன்னிரண்டு மணிக்குத்தான் ஊறும். இரவு பத்துக்கு மேல் கிரைண்டர் போட்டால் இந்த முறை பாட்டி வெனிலா சாஸோடு வர மாட்டார். போட்டாலும் மா புளிக்க வேண்டுமே, இந்தக் குளிரில்?

கார்த்திக்: மாவுக்கு என் கம்பளியைப் போர்த்திவிடுவேன்.

சிவராசா: உமக்கு?

கார்த்திக்: எனக்கு வேட்டிதான். இரவானால் கட்டட ஹீட்டரும் தானாகத் தணிந்துவிடுகிறது. போன முறை மாவு பொங்கவில்லை, எனக்குத்தான் காய்ச்சல் பொங்கியது.

சிவராசா: கேக் சுடுகிற அவன் அடுப்புக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டுவிடும், அந்தச் சூடு காணும். எப்படிப் பார்த்தாலும் நாளைக்கு இட்லி இல்லை. திங்கள் இரவுதான். இன்றைக்கு என்ன சாப்பாடு?

கார்த்திக்: ரொட்டியும் சீஸும்.

சிவராசா: அதை விடும். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வாரும். மனுசி ஐந்து கறி வைத்திருக்கிறா.

கார்த்திக்: ஐந்து கறியா! புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமாக!

சிவராசா: அதற்குத்தான் ஐந்து. மற்ற நாளில் மூன்று.

கார்த்திக்: நான் இந்த மாதம் கவிச்சி தொடுவதில்லை அண்ணாச்சி. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சிவராசா: எங்களுக்கும் புரட்டாதிச் சனி விரதம்தான். கத்தரிக்காய்க் கறி, பருப்புக் கறி, வாழைக்காய்க் கறி, முருங்கைக்காய்க் கறி, பயற்றங்காய்க் கறி.

கார்த்திக்: அட, குழம்பும் கூட்டும்தானா! அதைக் கறி என்று சொல்லி ஒரு நிமிடம் என் நெஞ்சை நிறுத்திவிட்டீர்களே. முருங்கைக்காய் என்றா சொன்னீர்கள்?

சிவராசா: ஓம். போன முறை ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோவிலில் ஒரு பிளேட் சோற்றுக்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றேன் என்று நீர் சொன்னீரே, அதைவிடக் கிட்டத்தான் என் வீடு. இரண்டு தெரு.

கார்த்திக்: வருகிறேன், வருகிறேன். கணக்கைப் போடுங்கள்.

சிவராசா: பெருஞ்சீரகம், கச்சான், தேங்காய்ப்பூ, உளுந்து, பெருங்காயம். 14 யூரோ 60. கறிவேப்பிலையும் போடட்டுமா, 16.60?

கார்த்திக்: சாப்பாடே போடுகிறீர்கள், ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குப் போய்...

சிவராசா: சாப்பாடு வீட்டுக் கணக்கு, கறிவேப்பிலை கடைக் கணக்கு.

கார்த்திக்: கொசுறாக ஒரே ஒரு கொத்து அண்ணாச்சி. பாளையங்கோட்டை மரியாதைக்கு.

(சிவராசா விளக்கை அணைத்து, சாவியை எடுக்கிறார்.)

சிவராசா: ஐந்து கறியிலும் மனுசி தாராளமாய்ப் போட்டிருப்பா. சாப்பிடும்போது எப்படியும் பொறுக்கி எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவீர். அதைக் கழுவிக் கொண்டு போம், அதுதான் கொசுறு.