பயிற்சிக்குப் போனால் வகுப்பை யார் பார்ப்பது?
பாடசாலை அதிபர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்துவிட்டால் புதிய பாடத்திட்டம் தானாக ஓடும் என்கிறது, இலங்கையின் கல்விச் சீர்திருத்தம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரி, அந்த நாட்களில் வகுப்பை யார் பார்ப்பது? திருகோணமலை மாவட்டத்தில் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் சில சின்னப் பாடசாலைகளில் அதிபரே வகுப்பாசிரியர், எழுதுவினைஞரும் அவரே, மதிய உணவுக் கணக்கும் அவர் தலையில்தான். எனக்குத் தெரிந்த ஓர் அதிபர் தரம் 1, 2 பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் படிப்பித்துவிட்டு, கணிப்பீட்டுப் படிவங்களை இரவில் வீட்டில் இருந்து நிரப்புகிறார். 2026இல் தரம் 1இல் தொடங்கிய மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. செயற்பாட்டோடு படிப்பது பிள்ளைக்கு நல்லதுதான். ஆனால் சிலர் கேட்கும் ஸ்மார்ட் போர்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாடசாலைக்குத் தேவையான ஆளணியை, அதாவது ஆட்களை, நிரப்பட்டும். இன்னொன்று, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்வரை பெற்றோர் அதிபரிடம் கேட்கப்போவது வெட்டுப்புள்ளியை, அதாவது சித்திக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியைத்தான்.