வார்டுக்கு எதுக்குக் கொள்கை என்று கேட்கும் பெரியவர்களுக்கு

வார்டு கவுன்சிலர் தேர்தலைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது, ஸ்க்ரீன்ஷாட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது இதுதான்: "ரோடு, லைட்டு, குப்பை, தண்ணி. கவுன்சிலர் வேலை அவ்வளவுதான். இதுக்கு எதுக்குச் சித்தாந்தம்? சின்னக் கட்சிக்காரங்க நோட்டீஸோட வந்தா கேட்டிலேயே திருப்பி அனுப்புங்க." கீழே வரிசையாகக் கைதட்டும் எமோஜி. போட்டவர் படித்தவர், குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர். அதனால்தான் எரிச்சல் கூடுதல்.

குப்பை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்களே சார். அதை அள்ளுகிறவர் மாநகராட்சி ஊழியரா, ஒப்பந்த நிறுவனத்து ஆளா? மாசம் கையில் எவ்வளவு வாங்குகிறார்? அள்ளியதைப் பிரிக்கிறோமா, அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் கொட்டுகிறோமா? கொடுங்கையூர்க்காரர்கள் இன்னும் எத்தனை தலைமுறைக்கு உங்கள் வீட்டு நாற்றத்தை முகர்வது? ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மூன்று பதில் உண்டு. எந்தப் பதிலை எடுக்கிறோம் என்பதுதான் கொள்கை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று 2025 ஆகஸ்ட்டில் தூய்மைப் பணியாளர்கள் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்களே, கடைசியில் நள்ளிரவில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தியதே, அது வெறும் குப்பைப் பிரச்சினையா?

அரசியல் சாசனத்தின் 12ஆவது அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிக்கு 18 வேலைகள் இருக்கின்றன. நகரமைப்பு, குடிசைப்பகுதி மேம்பாடு, வறுமை ஒழிப்பு, நலிந்த பிரிவினரின் நலன், சுடுகாடு எல்லாம் அதில் வருகிறது. சுடுகாட்டில் யாரை எங்கே எரிப்பது என்று கேட்டால் இந்த ஊரில் அதைவிடப் பெரிய சித்தாந்தக் கேள்வி கிடையாது. லைட்டு மட்டும்தானாம்!

சொத்து வரியையாவது ஒத்துக்கொள்வீர்களா? 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் நாம் விரலில் மை வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 1ஆம் தேதி வரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்குள் 50 சதவீதம், 1,800க்கு மேல் 150 சதவீதம். உங்கள் வாசலில் கும்பிட்டு நின்ற பெரிய கட்சி வேட்பாளர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? கொள்கை கேட்காமல் ஓட்டுப் போட்டால் பில் வரும்போதுதான் கொள்கை தெரியும்.

எங்கள் வார்டில் அந்தத் தேர்தலில் ஒரு சின்னக் கட்சி சார்பில் கொத்தனார் ஒருவர் நின்றார். பெயர் வேண்டாம். மற்றவர்கள் ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். இவர் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை, அதாவது ட்யூப் லெவலை, தோளில் சுருட்டி மாட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தெருமுனையில் புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகாலின் வாயில் ட்யூபின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை என் தம்பி கையில் கொடுத்துத் தெருவின் பள்ளத்தில் நிற்கச் சொன்னார். தண்ணீர் மட்டம் நின்றதும் இரண்டு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். தண்ணீர் நுழைய வேண்டிய வாய் தெருவைவிட நாலு விரற்கடை மேலே இருந்தது. "தண்ணி ஏறிப் போகாதுங்க. எஸ்டிமேட்டையும் கான்ட்ராக்டர் பேரையும் தெருவுல போர்டு வைக்கச் சொல்லுவேன். பில்லு பாஸ் ஆகுறதுக்கு முன்னாடி தெருக்காரங்க கையெழுத்துப் போடணும்." இதையேதான் நோட்டீஸிலும் அடித்திருந்தார். இதைவிட உருப்படியான உள்ளாட்சிக் கொள்கையை நான் எந்தக் கட்சி அறிக்கையிலும் படித்ததில்லை.

டெபாசிட் போனது. என் அம்மாவே போடவில்லை. "நல்ல பையன்தான், ஜெயிக்க மாட்டானே, எதுக்கு ஓட்ட வீணாக்கணும்" என்றார். வேறு சில வீடுகளில் காரணம் கவருக்குள் இருந்தது. இன்றைக்கும் பெரிய மழை வந்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர்.

ஆளுங்கட்சிக் கவுன்சிலர் வந்தால்தானே நிதி வரும் என்பீர்கள். அதாவது வரி கட்டிய தெருவுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடியின் நிறம் பார்த்துக் கொடுப்பார்கள், நாம் அனுசரித்துப் போக வேண்டும். இதற்குப் பெயர் யதார்த்தமாம். மிரட்டல் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம்.

உள்ளாட்சிக்குக் கட்சியே வேண்டாம், நல்ல ஆள் போதும் என்று இன்னொரு கோஷ்டி. கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாதுதான். அதனால் அங்கே அரசியல் இல்லாமல் போய்விட்டதா? குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோவை நல்ல ஆளுக்கு உதாரணம் காட்டுவீர்கள். சரி, அவர் என்ன செய்தார்? தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகளைக் கட்ட வைத்தார். அதுவும் கொள்கைதானே?

சின்னக் கட்சிகள் வார்டைப் பற்றிப் பேசுவதே இல்லை என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, எரிச்சலோடு ஒத்துக்கொள்கிறேன். மாநாட்டுத் தீர்மானத்தில் உலகமே இருக்கும், உங்கள் தெரு குழாய் இருக்காது. நோட்டீஸில் பாதி இடம் தலைவர் படத்துக்கே போய்விடும். ஆனால் பெரிய கட்சிகள் மட்டும் வார்டு வார்டாக வரைபடம் போட்டா ஓட்டுக் கேட்கின்றன? அவர்களிடம் கேட்காத கேள்வி இவர்களிடம் மட்டும் ஏன் சார்?

கூட்டணியில் கொடுக்கும் மரியாதையும் நாம் பார்த்ததுதான். 2022 மார்ச் 4, கவுன்சிலர்களே ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல். தோழமைக் கட்சிகளுக்கு என்று திமுக தலைமை அறிவித்த நகராட்சி, பேரூராட்சித் தலைவர் பதவிகளில் பல இடங்களில் பெரிய கட்சிக்காரர்களே போட்டியிட்டு ஜெயித்தார்கள். அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலினே வருத்தம் தெரிவித்து ராஜினாமா செய்யச் சொல்ல வேண்டி வந்தது. எத்தனை பேர் உடனே எழுந்து கொடுத்தார்கள்? மாவு கரைத்துப் பசை காய்ச்சித் தெருத்தெருவாகப் போஸ்டர் ஒட்டிய சின்னக் கட்சிக்காரன் வெளியே நிற்க வேண்டும். உள்ளே விட்டால், நீ எதுக்கு வந்தே, உனக்கு என்ன கொள்கை என்று கேட்க வேண்டும். நன்றாக இருக்கிறது நியாயம்.

"நீங்க எந்தக் கட்சி" என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கு: எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. அந்தக் கொத்தனார் மறுபடி நின்றால் நானே கூடப் போய் நோட்டீஸ் கொடுப்பேன். கேட்டைச் சாத்திக்கொள்கிறவர்கள் தாராளமாகச் சாத்திக்கொள்ளுங்கள், இடுக்கு வழியாகப் போட்டுவிட்டுப் போகிறோம்.