எழுதினவரே ஓடிட் செய்யேலாது

ஞாயிற்றுக்கிழமை எங்கடை ஊர்ச் சங்கம் ஒண்டின்ரை பொதுக்கூட்டம்; பேர் வேண்டாம். பின்வரிசையிலை இருந்த ஒருத்தர் எழும்பிக் கேட்டது ஒரேயொரு கேள்வி: "கணக்கு எழுதினதும் இந்த ஒபிஸ், ஓடிட் (கணக்காய்வு) செய்ததும் இந்த ஒபிஸ், பொருளாளரின்ரை மச்சான் அங்கை பங்காளி. இது சரியோ?" வந்த பதில்: "நம்பிக்கை இல்லாட்டில் ஏன் வந்தனீங்கள்?" அதுக்குக் கைதட்டல் வேறை!

நம்பிக்கை போதுமெண்டால் ஓடிட்டர் எதுக்கு? மாலை போட்டு, ரீ குடிச்சு, கலைஞ்சிருக்கலாம்.

ஒருத்தரையும் கள்ளன் எண்டு அவர் சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. எழுதினவரே ஓடிட் செய்யேலாது, அவ்வளவுதான். அரிச்சந்திரனே எழுதினாலும் செய்யேலாது. கனடாக் கிளை கட்டட நிதிக்கு அனுப்பின காசு பொது வரவிலை விழுந்திருக்குது எண்டு வையுங்கோ. பிழையெண்டு தெரிஞ்சிருந்தால் கணக்கு எழுதினவர் அங்கை போட்டிருக்கவே மாட்டார். மூண்டு மாதம் கழிச்சு அதே வரியைப் பார்த்தாலும் அவருக்குச் சரியாய்த்தான் தெரியும்.

பாங்கிலை கிடக்கிற நிலையான வைப்பை உதாரணத்துக்கு எடுங்கோ. பொருளாளர் தந்த சான்றிதழின்ரை போட்டோக்கொப்பியைப் பைலிலை குத்துறது ஓடிட் இல்லை. சங்கத்தின்ரை கையொப்பம் வைச்ச கடிதத்தை ஓடிட்டர் தானே பாங்குக்கு அனுப்ப வேணும். பதிலும் நேரே ஓடிட்டரின்ரை விலாசத்துக்கு வர வேணும். வைப்பை ஈடு வைச்சு ஓவர்டிராஃப்ட் கடன் எடுத்திருந்தால் அந்தப் பதிலிலைதான் தெரியவரும். போட்டோக்கொப்பி வாய் திறக்காது. பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளை இலக்க ஒழுங்கிலை பார்க்க வேணும், பாவிக்காத புத்தகங்களையும் எண்ண வேணும். கிளைகளிட்டை "எவ்வளவு அனுப்பினனீங்கள்" எண்டு நேரே கேட்க வேணும். மச்சானிட்டை இதையெல்லாம் கேட்க வாய் வருமோ?

"அவர் சும்மா செய்து தாறார்" எண்டீனம். கொமிற்றிக்காரரின்ரை கடைக் கணக்கெல்லாம் எந்த ஒபிசுக்குப் போகுது எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ.

"மச்சான் ஒழுக்கக் கோவையிலை இல்லை" எண்டு ஒருத்தர் சட்டம் கதைக்கிறார். உண்மைதான். கணக்காளருக்கான சர்வதேச ஒழுக்கக் கோவை கவனிக்கச் சொல்லுற சொந்தங்களிலை துணையும் தங்கிவாழ்வோரும் முதல் வட்டம். பெற்றோர், பிள்ளை, சகோதரம் அடுத்த வட்டம். வட்டத்துக்கு வெளியிலை நெருக்கமான உறவு இருந்தாலும் அது ஓடிட்டைப் பாதிக்குமோ எண்டு மதிப்பிட வேணும் எண்டு அதே கோவைதான் சொல்லுது. அதை வாசிக்க நேரம் கிடைக்கேல்லைப் போல.

பாங்கு, பங்குச்சந்தைக் கொம்பனி போலை பொதுநலன் சார்ந்ததாய் இல்லாத சின்ன அமைப்புகளுக்கு இயந்திரத்தனமான பதிவு வேலையை ஓடிட்டரின்ரை ஒபிஸ் செய்யலாம் எண்டதும் உண்மை. ஆனால் முடிவுகளை வாடிக்கையாளர்தான் எடுக்க வேணும். பதிஞ்சவரும் பார்க்கிறவரும் வேறை ஆக்களாய் இருந்தால்தான் அது பாதுகாப்பு. இங்கை ஒரே பொடியன் ஜேர்னலும் (கணக்குப் பதிவும்) போட்டு, வவுச்சரிலை பச்சைப் பேனையாலை சரியும் போட்டிருக்கிறான்.

"யாழ்ப்பாணத்திலை எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், வேறை ஆளுக்கு எங்கை போறது?" வவுனியாவுக்குப் போங்கோ. கொழும்புக்குப் போங்கோ. கலியாணத்துக்கு மண்டபம் தேடுற அளவுக்காவது தேடிப் பாருங்கோ.

பெரிய இடத்திலையும் இதே கதைதான். 2000ஆம் ஆண்டு அமெரிக்க எரிசக்திக் கொம்பனி என்ரோனிட்டை அதின்ரை ஓடிட்டர் நிறுவனம் ஆர்தர் அண்டர்சன் ஓடிட்டுக்கு வாங்கினது 25 மில்லியன் டொலர், மற்ற வேலைகளுக்கு 27 மில்லியன். அடுத்த வருசமே என்ரோன் வங்குரோத்து. எங்கடை ஊரிலை தொகை சின்னன், பழக்கம் பெரிசு: பாங்குக்கு ஒரு கணக்கு, இறைவரிக்கு இன்னொரு கணக்கு, இரண்டிலையும் ஒரே கையொப்பம். "லோன் பாஸானால்தான் பீஸ்" எண்டு பேரம் வேறை. ஓடிட்டிலை முடிவைப் பொறுத்துப் பீஸ் வாங்கவே கூடாது. இதைச் சொன்னால் எனக்குப் பொறாமையாம், கிளையன்ற் பிடிக்க எழுதுறனாம். இந்தச் சங்கத்தின்ரை ஓடிட்டைத் தட்டிலை வைச்சுத் தந்தாலும் நான் எடுக்கமாட்டன், போதுமோ?

கேள்வி கேட்டவரை இருத்தினதுதான் எனக்கு ஆறேல்லை. அந்த மேடையிலை இருந்தவையிலை இரண்டு பேர் கணக்கியல் படிச்சவை. இருவரும் தலையைக் குனிஞ்சு போன் பார்த்துக்கொண்டிருந்தவை.

கீழை வந்து "ஆதாரம் எங்கை" எண்டு எழுதப்போறவை, முதலிலை பாங்க் நேரே ஓடிட்டருக்கு அனுப்பின உறுதிப்படுத்தல் கடிதத்தைப் படமெடுத்துப் போடுங்கோ. கணக்கு இலக்கத்தை மறைச்சால் காணும்.