கருங்கல்லுக்கு எதற்கய்யா பெயிண்ட்?

எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நின்ற கல். அதற்கு எனாமல் அடித்தால்தான் சாமி உள்ளே குடியிருப்பாரா? காவி ஒரு பட்டை, வெள்ளை ஒரு பட்டை, தூணில் இருக்கும் யாளிக்குப் பச்சை, நந்திக்கு வெள்ளி நிறம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்திருப்பீர்கள்.

இந்த முறை என்னால் அப்படி வர முடியவில்லை. பெங்களூரின் தெற்கு ஓரத்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட சின்னஞ்சிறு சிவன் கோயில். சுவரைத் தாங்கும் அடித்தளமான அதிஷ்டானத்தில், அடிவரிசைக் கல்லான ஜகதியிலும் அதன் மேல் உருண்டு நிற்கும் குமுதத்திலும் தமிழ் எழுத்து ஓடும். விரலால் தடவினாலே, கல்வெட்டுகள் தொடங்கும் மங்கலச் சொல்லான ‘ஸ்வஸ்திஸ்ரீ’ பிடிபடும். போய்ப் பார்த்தால் குமுதத்தில் பாதி செங்காவி, ஈரம்கூடக் காயவில்லை. ஓர் இளைஞர் பிரஷைத் தோய்த்துத் தோய்த்து எழுத்தின் பள்ளங்களுக்குள் அழுத்தி அப்பிக்கொண்டிருந்தார். பள்ளம் நிரம்பவில்லை என்றால் மறுபடியும் அங்கேயே ஒரு அப்பு. ‘ஸ்ரீ’யின் சுழி போயிற்று. அடுத்த எழுத்து போயிற்று.

“தம்பி, நிறுத்துங்கள், அது கல்வெட்டு” என்று கத்தினேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளை. “சொரசொரப்பாக இருக்கிறது சார். மூன்று கோட் அடித்தால் சமமாகிவிடும்” என்றார்.

சமமாகிவிடும்! அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூலிக்கு வந்தவர், சொன்னதைச் செய்கிறார். சொன்னவரைத் தேடி அலுவலக அறைக்கு ஓடினேன். பெரியவர் ஒருவர் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். காத்திருக்கச் சொன்னார். எப்படிக் காத்திருப்பது? வெளியே வரி வரியாகப் போய்க்கொண்டிருக்கிறது! எட்டிப் பார்த்தேன், பிரஷ் மூலை திரும்பியிருந்தது. மறுபடி உள்ளே. அவர் பேனாவை மூடி, ரசீதைக் கிழித்து, சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். “கும்பாபிஷேகம் வருகிறது, கோயில் பளிச்சென்று இருக்க வேண்டாமா? அந்த எழுத்தை எல்லாம் யார் படிக்கிறார்கள்?” நான் திரும்பி வருவதற்குள் இன்னொரு வரி காவிக்குள் மூழ்கியிருந்தது.

யார் படிக்கிறார்களா? படித்ததால்தான் ஐயா இந்த ஊருக்கு ஒரு வரலாறே இருக்கிறது. பேகூர் நாகநாதேசுவரர் கோயில் வளாகத்தில் கி.பி. 890 அளவிலான கன்னட வீரக்கல் ஒன்றில் ‘பெங்களூரு’ப் போர் என்று எழுதியிருக்கிறது. ஐ.டி. கம்பெனி வருவதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே இந்தப் பெயர் இருந்தது என்பதற்கு அந்தக் கல்தான் சாட்சி. மடிவாளா சோமேசுவரர் கோயிலின் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தைப் பேசுகிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயில் சுவர், அந்த ஊரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்கிறது. கல்வெட்டு ஆய்வாளர் பி.எல். ரைஸ் இந்த மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905-இல் அச்சிட்டார். அதில் ஏறியது பிழைத்தது. ஏறாமல் விட்டுப்போன கற்கள்? அவற்றுக்கு அந்தச் சுவரை விட்டால் வேறு பிரதியே கிடையாதே!

கல்வெட்டைத் தாளில் நகலெடுக்கும் மைப்படி எடுப்பது எப்படி என்று ஒரு நாளாவது பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டார்கள். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மையை ஒற்றுவார்கள். பள்ளம் மேடு இரண்டும் இருந்தால்தான் எழுத்து விழும். எனாமல் பள்ளத்தை அடைத்துவிட்டால் வெறும் கறுப்புத் தாள்தான் மிஞ்சும். சில ஆண்டில் பெயிண்ட் உரிந்து அசிங்கமாகும். உடனே மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடுவார்கள். அதோடு கல்லின் தோலும் எழுத்தும் சேர்ந்தே போகும். இதற்குப் பெயர் திருப்பணி!

கொடை எழுதியவர்கள் பயந்தே எழுதினார்கள். ‘இந்தத் தன்மத்தை அழிப்பான் கங்கைக் கரையில் குரால் பசுவைக் கொன்ற பாவத்திலே போவான்’ என்று எத்தனை கல்வெட்டுகள் முடிகின்றன! சாப வரியின் மேலேயே பெயிண்ட் அடிப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருப்பார்களா?

நிறுத்தினார்களா என்று கேட்காதீர்கள். “நாளை பேசிக்கொள்ளலாம்” என்றார் பெரியவர். எனாமலுக்கு நாளை வரை என்ன வேலை? காய்ந்து இறுகும், அவ்வளவுதான்.