பூக்கடை இன்டர்வியூ

(பினாங்கு, லெபோ குவீன். மாரியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பூக்கடை. வியாழக்கிழமை சாயங்காலம், மறுநாள் வெள்ளி என்பதால் சரசுவுக்குத் தலைக்கு மேல் வேலை. நூலின் ஒரு முனையை ஸ்டூல் காலில் கட்டி, மடியில் மல்லியைக் கொட்டி, பேச்சு நின்றாலும் விரல் நிற்காத வேகத்தில் தொடுத்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் மகள் கவிதா வருகிறாள். வயது 21. கையில் பிளாஸ்டிக் ஃபைல்.)

சரசு: வாடி. பசியாறிட்டியா? உள்ள தே ஓ இருக்கு. ஏன்டி கொடிமரம் மாதிரி வெறச்சிக்கிட்டு நிக்கிற?

கவிதா: உயரம் அத்தை. போலீசுல சேர பொம்பளைங்களுக்கு 157 சென்டிமீட்டர் வேணும். வீட்டுல அளந்தா 157 வருது. கிளினிக்குல அளந்தா 156 அரை.

சரசு: கொண்டைய மேல தூக்கிப் போட்டுக்கோ.

கவிதா: கொண்டைய அமுக்கிட்டுதான் அளப்பாங்க. காலையில எழுந்ததும் கொஞ்சம் உயரமா இருப்போமாம். நிக்க நிக்க, நடக்க நடக்க கொறஞ்சிடுமாம்.

சரசு: அப்ப படுத்துக்கிட்டே போய்ச் சேரு. உங்க மாமா வேன்ல பின்னால எடம் இருக்கு. பூ கூடையோட கூடையா.

கவிதா: வெளையாடாதீங்க அத்தை. திங்கக்கிழமை இன்டர்வியூ. எனக்கு நைட்டெல்லாம் தூக்கமே இல்ல.

சரசு: தூங்காட்டி என்னா, படுத்திருந்தியில்ல, உயரம் கூடியிருக்கும். செரி, செலக்ட் ஆயிட்டா எங்க அனுப்புவாங்க?

கவிதா: புலாபோல். கோலாலம்பூர்ல, பழைய ஜாலான் செமாராக் பக்கம். அங்கதான் ட்ரெய்னிங். போனதும் முடிய கட்டையா வெட்டிடுவாங்கன்னு சொல்றாங்க.

(சரசுவின் விரல் நிற்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் கூட்டத்திலும் நிற்காத விரல்.)

சரசு: முடிய வெட்டிட்டா பூவ எங்கடி வெப்ப?

கவிதா: போலீஸ் தொப்பியில பூ வெக்க முடியாது அத்தை.

சரசு: பூக்காரி வூட்டுப் பொண்ணு மொட்டத் தலையோட நின்னா என் யாவாரம் என்னாகும்? ‘இவ அண்ணன் மவளே பூ வெக்கலயே’ன்னு பேசமாட்டாங்க? ஏன், ஃபேக்டரியில உனக்கு என்னா கொற? பயான் லெப்பாசுல ஏசி ரூம், கம்பெனி பஸ்ஸு. வெயில்ல நிக்கணும்னு அப்படி என்னா தலையெழுத்து?

கவிதா: இதேதான் அத்தை அங்கயும் கேப்பாங்க. ஏன் போலீஸ் ஆகணும்? அதுக்குதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க ஆபிசர் மாதிரி கேளுங்க. நான் பதில் சொல்லிப் பழகுறேன்.

(சரசு முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு, காலியான ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி உட்காருகிறார். பதவி வந்தால் முதலில் நாற்காலி மாறுவது மனித சுபாவம்.)

சரசு: நாமா?

கவிதா: கவிதா, துவான்.

சரசு: துவானா? நான் பொம்பள ஆபிசர்டி.

கவிதா: கவிதா, புவான்.

சரசு: கெனாப்பா நாக் ஜாடி போலீஸ்? ஏன் போலீஸ் ஆகணும்?

கவிதா: நாட்டுக்குச் சேவை செய்யவும், மக்களின் பாதுகாப்பை உறுதிப்படுத்தவும், குற்றமற்ற சமுதாயத்தை…

சரசு: போதும், எறங்கு.

கவிதா: என்னா அத்தை?

சரசு: மீட்டிங்குல மாலை போட்டுக்கிட்டு பேசுவாங்களே, அந்தப் பேச்சு. அந்த மாலையெல்லாம் இங்கதான வாங்குறாங்க, எனக்குத் தெரியாதா? உனக்கு முன்னால வர்றவளும் இதத்தான் சொல்லுவா, பின்னால வர்றவளும் இதத்தான் சொல்லுவா. நெசத்த சொல்லு. உங்கப்பன் என்னா சொன்னான்?

கவிதா: அப்பாவுக்கு வீடுதான். அரசாங்க வேலைன்னா அரசாங்கத்துலயே வீட்டுக் கடன் கெடைக்கும், பேங்க்ல போய்ப் பல்ல காட்ட வேணாம்னாரு. ஆயர் ஈத்தாம்ல ஒரு பிளாட்ட இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு. எனக்கு இன்னும் இன்டர்வியூவே நடக்கல.

சரசு: உங்கம்மா?

கவிதா: போலீஸ்காரின்னா மாமியார் வூட்டுல சத்தம் வராதாம்.

சரசு: போலீஸ்காரின்னா மாமியாரே கெடைக்கமாட்டா. அத யோசிச்சாளா? உங்கண்ணன்?

கவிதா: அவனோட மோட்டார் சைக்கிள் எக்சாஸ்ட்டுக்கு மூணு சம்மன் இருக்கு. நான் உள்ள போனா தள்ளிவிடலாம்னு பாக்குறான். மொத சம்மனே உனக்குதான் எழுதுவேன்னு சொல்லிட்டேன். அதுலருந்து எங்கூட பேசறதில்ல.

சரசு: (இருமிக்கொண்டு) அது… தப்புதான். சம்மன் வேற. ஆனா நம்ம வேனுக்கு பார்க்கிங் காம்பவுண்ட், அபராதச் சீட்டு, ஒரு கட்டு இருக்கு பாரு, அது சின்ன விசயம்தான…

கவிதா: அத்தை! அது எம்பிபிபி. மாநகர் மன்றம் போட்டது. போலீசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சரசு: சம்பந்தமே இல்லயா?

கவிதா: சுத்தமா இல்ல.

சரசு: அப்ப ஏன்டி நீ எம்பிபிபில எழுதிப் போடல? (மறுபடி நிமிர்ந்து) செரி, இன்டர்வியூ. படிச்சதச் சொல்லு. ஒரு வாரமா வீடே அதிர ஒப்பிக்கிறியே.

கவிதா: போலீஸ் தினம் மார்ச் 25. 1807-ல அந்தத் தேதியிலதான் பினாங்குக்கு நீதி சாசனம் வந்துச்சு. நம்ம நாட்டு போலீசுக்கு அதுதான் ஆரம்பம்.

சரசு: அந்த வருசத்த சொல்லாத.

கவிதா: ஏன்?

சரசு: ராசியில்லாத வருசம். மேல போ.

கவிதா: 1955-ல பொம்பளைங்கள சேத்தாங்க. 1958-ல மாமன்னர் ‘டிராஜா’ பட்டம் குடுத்தாரு. அதுக்கப்புறம்தான் போலீஸ் படை பேருல ‘அரச’ன்னு… அத்தை, ஏன் ஒதட்ட அசைக்கிறீங்க?

சரசு: ஒண்ணுமில்ல. மனசுல பதிய வெச்சிக்கிறேன். நம்ம ஆளுங்க யாராச்சும் பெரிய பதவிக்கு வந்திருக்காங்களா? அதச் சொல்லு.

கவிதா: இங்க பினாங்குலயே டத்தோ தெய்வீகன் மாநிலப் போலீஸ் தலைவரா இருந்தாரே. ஜொகூர்ல டத்தோ குமார் தலைவரா இருந்தாரு. ஆனா கீழ, கான்ஸ்டபிள் எழுதிப் போட நம்ம புள்ளைங்க கொறச்சல்தான். ஆளு பத்தல, வாங்க வாங்கன்னுதான் கூப்புடுறாங்க.

சரசு: ஆளு பத்தலன்னு நீ போறியா?

கவிதா: இல்ல.

சரசு: சம்பளமா?

கவிதா: இல்ல.

சரசு: யூனிபார்மா? நீலக் கலர் உனக்கு எடுப்பாதான் இருக்கும்.

கவிதா: அதுவும் கொஞ்சம். ஆனா இல்ல.

சரசு: பின்ன என்னா எழவுக்குடி?

(கவிதா மடியில் விழுந்த ஒரு மொட்டை எடுத்து உருட்டுகிறாள். இன்டர்வியூவில் இப்படிச் செய்தால் மார்க் போகும்.)

கவிதா: பாட்டி சங்கிலிய அறுத்துட்டுப் போனானுங்களே, ஞாபகம் இருக்கா? நான் அப்ப ஃபார்ம் ஒன்.

சரசு: மறக்குமா? மார்க்கெட்டுலேருந்து வர்ற வழியில. மோட்டார்ல ரெண்டு பேரு.

கவிதா: ரிப்போர்ட் பண்ணப் பாட்டிய நான்தான் கூட்டிட்டுப் போனேன். பாட்டிக்கு மலாய் ஒழுங்கா வராது. கவுன்டர்ல இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. நல்ல மனுசன், நாற்காலியெல்லாம் போட்டுக் குடுத்தாரு. ‘என்ன நடந்துச்சு, சொல்லச் சொல்லு’ன்னாரு. பாட்டி ஆரம்பிச்சாங்க பாருங்க… எங்கேருந்து தெரியுமா?

சரசு: எஸ்டேட்டுலேருந்து.

கவிதா: எஸ்டேட்டுலேருந்து! தாத்தா ரப்பர் மரத்துல பால் வெட்டுனது, மாடு வாங்குனது, அந்த மாடு ஈனுனது, தாத்தா செத்தப்புறம் மாட்ட வித்து அந்தக் காசுல சங்கிலி வாங்குனது. அரை மணி நேரம். மாட்ட ஓட்டிட்டுப் போறப்ப அது திரும்பிப் பாத்துச்சாம், அங்க ஒரு அழுக. அவரு டைப் அடிக்கலாம்னு விரல தூக்கி வெச்சிக்கிட்டு, என் மூஞ்சியப் பாக்குறாரு. நான் என்னத்த சொல்ல? ‘இன்னும் திருடன் வரல சார்’ன்னேன்.

சரசு: (சிரித்து நூலை அறுத்துவிடுகிறார்) அடிப்பாவி!

கவிதா: கடைசியில ரிப்போர்ட்டு மூணு வரி. ஒரு தங்கச் சங்கிலி, மோட்டார்ல ரெண்டு பேரு, முகம் தெரியல. கையெழுத்து போடுறதுக்கு முன்னால படிச்சுக் காட்டச் சொன்னாங்க. படிச்சேன். ‘மாடு எங்கடி?’ன்னாங்க.

சரசு: எங்கம்மா கேப்பா. கேக்காம இருக்கமாட்டா.

கவிதா: ‘மாட்ட எழுதாம நான் கைநாட்டு வெக்கமாட்டேன்’னு ஒரே புடிவாதம். அவரு ‘பாட்டி என்னா சொல்றாங்க?’ன்னாரு. நான் ‘தெரிமா காசே, நன்றின்னு சொல்றாங்க’ன்னுட்டேன். அவரும் எழுந்து நின்னு சாமா சாமான்னாரு. பாட்டி திட்டிக்கிட்டே கைநாட்டு வெச்சாங்க.

சரசு: சங்கிலியும் கெடைக்கல.

கவிதா: கெடைக்கலதான். ஆனா அன்னைக்கே நெனச்சேன் அத்தை. அந்த கவுன்டருக்கு அந்தப் பக்கம் நான் உக்காந்திருந்தா பாட்டி சொன்னது பூரா எனக்குப் புரிஞ்சிருக்கும். எழுத முடியுமோ முடியாதோ, ‘உங்க மாடு எனக்குப் புரிஞ்சிச்சு பாட்டி’ன்னாச்சும் சொல்லியிருப்பேன். அதான்.

(தெருவில் மணி அடித்துக்கொண்டு ஒரு டிரைஷா சுற்றுலாக்காரர்களோடு போகிறது. சரசு அறுந்த நூலை முடிச்சுப் போடுகிறார். தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொள்கிறார்.)

சரசு: அந்த மாட்டு பேரு லெச்சுமி.

கவிதா: தெரியும் அத்தை. அதையும் சொன்னாங்க.

சரசு: இத அப்படியே அங்க சொல்லிடாத. மாட்டுக்காக வந்தேன்னு சொன்னா உன்ன கால்நடை இலாகாவுக்கு அனுப்பிடுவாங்க. பாட்டி, பாஷை, கவுன்டர், அந்த மட்டும் சொல்லு. நல்லாத்தான் இருக்கு. (மூக்கை உறிஞ்சி) செரி, எழுதத் தெரியுமா உனக்கு? நான் ஒரு ரிப்போர்ட்டு குடுக்குறேன், எழுது பாப்போம்.

கவிதா: (ஃபைலுக்குள்ளிருந்து தாள் எடுத்து) சொல்லுங்க புவான். என்ன காணோம்?

சரசு: பிஸ்கட் டின்னுல வெச்ச அம்பது வெள்ளி. உங்க மாமாதான் எடுத்தது. எழுது.

கவிதா: யார் எடுத்ததுன்னு மொதல்ல எழுதக்கூடாது. கடைசியா பணத்த எப்ப பாத்தீங்க?

சரசு: நேத்து.

கவிதா: நேத்து என்ன கெழம?

சரசு: புதன்.

கவிதா: டின்ன யார் தொறந்தது?

சரசு: நான்தான். என் கடை, என் டின்னு.

கவிதா: தொறந்தப்ப பணம் இருந்துச்சா?

சரசு: இருந்துச்சு.

கவிதா: மூடுறப்ப?

சரசு: …எதுக்குடி இவ்ளோ கேள்வி? உங்க மாமாவ கூப்புட்டு ரெண்டு தட்டு தட்டுனா தானா சொல்லிடுவாரு.

கவிதா: தட்டக்கூடாது அத்தை. விசாரிக்கணும். புதன்கிழமை டின்ன மூடிட்டு எங்க போனீங்க?

சரசு: முக்குக்கடைக்கு.

கவிதா: முக்குல மூணு கடை இருக்கு. மளிகக் கடை, நகைக் கடை, நம்பர் கடை.

(நீண்ட மௌனம். சரசு மிக மும்முரமாகத் தொடுக்கிறார். ஒரே இடத்தில் ஆறு மொட்டு விழுகிறது.)

கவிதா: புதன்கிழமை நாலு நம்பர் லாட்டரி திறக்குற நாளு இல்ல?

சரசு: நீதான்டி காரணம்! ராத்திரி பூரா காதுகிட்ட வந்து ‘ஆயிரத்து எண்ணூத்தி ஏழு, ஆயிரத்து எண்ணூத்தி ஏழு’ன்னு கத்துன. சாமியே உன் வாய் வழியா சொல்லுதுன்னு நெனச்சேன். ஆறுதல் பரிசுக்குக்கூட வரல.

கவிதா: போலீஸ் பொறந்த வருசத்துக்கு அம்பது வெள்ளி கட்டியிருக்கீங்க!

சரசு: போலீஸ நம்பிக் கெட்டேன், போ. அந்த ரிப்போர்ட்ட கிழிச்சிப் போடு.

கவிதா: முடியாது. மாமா மேல பொய்ப் புகார் சொல்லியிருக்கீங்க. பொய் ரிப்போர்ட்டு குடுத்தா தண்டனைச் சட்டம் 182. ஆறு மாசம் வரைக்கும் உள்ள போகலாம்.

சரசு: எத்தன?

கவிதா: ஆறு மாசம்.

சரசு: அதில்லடி, சட்டத்தோட நம்பரு.

கவிதா: 182.

சரசு: (ஒதட்டை அசைத்து) மூணுதான வருது. முன்னால ஒரு சைபர் போட்டுக்கலாமா?