ஊரெல்லாம் ஜிபிடி

(ஜெராக்ஸ் கடை. மேசைக்கு அடியில் பழைய டெஸ்க்டாப் ஒன்று மூடி கழற்றிய நிலையில்.)

அண்ணாச்சி: வாடே குமாரு. இந்தப் பழசுல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடச் சொன்னேல்லா? ராத்திரியே டவுன்லோடு பண்ணி பென் டிரைவ்ல ஏத்திட்டேன். கழுத, திரும்பியே பாக்க மாட்டேங்குது.

குமார்: ஏத்துனீங்கன்னா... காப்பி பேஸ்ட்டா அண்ணாச்சி?

அண்ணாச்சி: பின்ன? கிட்டத்தட்ட 3 ஜிபி. பொடி பொடியாவா போட முடியும்?

குமார்: கோதுமை மாவை பாக்கெட்டோட தோசைக்கல்லுல வச்சிருக்கீங்க. டவுன்லோடு பண்ண ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி பண்ணா அது சும்மா ஒரு ஃபைல்தான். ரூஃபஸ்னு ஒரு புரோகிராம் இருக்கு, அதுல எழுதினாத்தான் பூட் ஆகும், அதாவது கம்ப்யூட்டர் பென் டிரைவ்ல இருந்து கெளம்பும். பென் டிரைவ்ல வேற ஏதும் இருக்கா? எல்லாம் அழிஞ்சிரும்.

அண்ணாச்சி: 200 பேரு பயோடேட்டா இருக்கு. அதுல பாதிப் பேரு வேலையும் கெடச்சு, கல்யாணமும் ஆகி, இப்ப பிள்ளை ஆதாரை ஜெராக்ஸ் எடுக்க வாராம். அழிடே.

(குமார் தன் லேப்டாப்பில் ரூஃபஸைத் திறந்து வைத்துவிட்டு டீ வாங்கப் போகிறான். திரும்பி வரும்போது எழுதி முடிந்திருக்கிறது.)

குமார்: இப்ப ஆன் பண்ணி டெலீட் கீயைத் தட்டிக்கிட்டே இருங்க. பயாஸுக்குள்ள போவோம், விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் பக்கம்.

அண்ணாச்சி: நேத்தே போய் பூட் வரிசையில 'ரிமூவபிள்'னு இருந்ததை மொதல்ல வச்சுட்டேனே.

குமார்: எல்லாரும் வழுக்குற இடம் அதுதான். இது ஜி41னு பழைய மதர்போர்டு. பென் டிரைவையும் ஹார்டு டிஸ்க்னுதான் நெனைக்கும். பூட் பக்கத்துல 'ஹார்டு டிஸ்க் டிரைவ்ஸ்'னு தனி வரி இருக்கு பாருங்க. அதுக்குள்ள போய் பென் டிரைவை மொதல்ல வைக்கணும். செருகியிருந்தாத்தான் பேரே காட்டும். பின்பக்க போர்ட்டுல செருகுங்க, முன்னாடி இருக்கறது வயர் லூசாயிருக்கும். எஃப்10, சேவ்.

(மறுதொடக்கம்.)

அண்ணாச்சி: ஏய், இங்கிலீஷ்ல வையுதுடே! 'திஸ் வில் நாட் வொர்க்'னு கொட்டை எழுத்துல!

குமார்: ரூஃபஸ்ல பார்ட்டிஷன் ஸ்கீமை யாரு மாத்துனது? நான் எம்பிஆர்ல வச்சிட்டுத்தான் போனேன்.

அண்ணாச்சி: பக்கத்துல ஜிபிடின்னு ஒண்ணு இருந்துச்சு. இப்ப ஊரெல்லாம் ஜிபிடி பேச்சுத்தானே, நம்ம மட்டும் எதுக்குப் பழசுல கெடக்கணும்னு...

குமார்: அது கேள்வி கேட்டா பதில் சொல்லுற ஜிபிடி. இது எம்பிஆர் மாதிரி டிஸ்க்கைப் பிரிக்கிற ஒரு முறை. ரூஃபஸ்ல அதை வச்சு எழுதுனா யூஈஎஃப்ஐங்கற புது வகை பயாஸ் உள்ள போர்டுலதான் பூட் ஆகும். உங்களுது பழைய பயாஸ், எம்பிஆர்தான் பிடிக்கும்.

(மறுபடி எழுதுகிறான். அதற்குள் அண்ணாச்சி டேபிள் ஃபேனுக்காக கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். திரும்பச் செருகி ஆன் செய்தால் நேராக விண்டோஸ் வருகிறது.)

அண்ணாச்சி: மறுபடி மொதல்ல இருந்தா?

குமார்: தேதியைப் பாருங்க. 01.01.2009. செட்டிங் மொத்தமும் போச்சு. போர்டுல இருக்கற பட்டன் செல் செத்துருச்சு. (மல்டிமீட்டரை வைக்கிறான்.) 3 வோல்ட் இருக்கணும், 2.1தான் காட்டுது. கரண்டு இருக்கற வரைக்கும் நெனைவு இருக்கும். பிளக்கைப் பிடுங்குனா மறந்துரும்.

அண்ணாச்சி: அதான் காலைல போடுற பில்லுல எல்லாம் 2009ன்னு விழுதா! ஒருத்தன் அந்த வருசத்து வெலைக்கே ஜெராக்ஸ் கேட்டாம்டே.

குமார்: சிஆர்2032ன்னு கேட்டா வாட்ச் கடையிலயே குடுப்பாங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு மாத்தணும், எழுத்து உள்ள பக்கம் மேல.

(செல் மாறுகிறது. பயாஸில் வரிசை மறுபடி. பச்சை நிற மின்ட் சின்னம் திரையில் வருகிறது.)

குமார்: போட்டு முடிச்சதும் பூட் வரிசையில ஹார்டு டிஸ்க்கையே மொதல்ல வச்சிருங்க. இல்லேன்னா எவன் பென் டிரைவைச் செருகினாலும் அதுலதான் போய்த் தேடும்.

அண்ணாச்சி: (வாடிக்கையாளரிடம்) முன்னும் பின்னும் ஒரே பேப்பர்லயா? (குமாரிடம்) சரிடே, சரிடே.

(மறுநாள் காலை. ஃபோன்.)

அண்ணாச்சி: குமாரு, கறுப்புத் திரையில 'ரிமூவ் டிஸ்க்ஸ்'ங்குது. மூணு ஸ்க்ரூ கழட்டிட்டேன். ஹார்டு டிஸ்க்ல நாலாவது மட்டும் வர மாட்டேங்குது.

குமார்: ஐயோ, அதைக் கழட்டாதீங்க! பென் டிரைவ் ஏதாச்சும் செருகியிருக்கா?

அண்ணாச்சி: இருக்கு. நேத்து ஒரு பொண்ணு மறந்து வச்சிட்டுப் போச்சு. வெளிய எடுத்து வச்சா தொலைஞ்சு போயிருமேன்னு அதுலயே விட்டு வச்சேன்.